கிளட்ச் அடி

கரகரன்னு கத்துச்சு கியர். வண்டி இன்னும் சங்ககிரியைத் தாண்டல, அதுக்குள்ள ரெண்டாவது தடவை. கிளட்ச்சை முழுசா மிதி கண்ணுன்னேன். மிதிக்கிறனுங்ப்பான்னா தாரணி, ரோட்டைப் பாத்துக்கிட்டே. மிதிச்சா எதுக்குக் கத்துது? இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்ற தொண்டையே போச்சு. வர்ற போற பசங்களுக்கெல்லாம் சொல்லி மாளாம இப்பப் பெத்த புள்ளைக்கும் சொல்ல வேண்டியிருக்குது பாரு, என்ன கெரகமோ. வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து பக்கக் கண்ணாடியில பட்டுக் கண்ணைக் கூசுது. வண்டி மேல என்ற பேரு எழுதுன பலகை, அர்த்தநாரி டிரைவிங் ஸ்கூல், முன்னாலயும் பின்னாலயும் சிவப்புல எல். டிரைவர் சீட்டுல புள்ளை, இடது பக்கம் நான், என்ற காலுக்கடியில இன்னொரு பிரேக்கு இன்னொரு கிளட்ச்சு. பெருந்துறைக்குப் போறோம். புள்ளையை மாப்பிள்ளை ஊட்டுல உட்டுட்டு மத்தியானச் சோத்துக்கு நான் திரும்பிரோணும், பொழுதோட கிளாஸ் இருக்குது. அவ்வளவுதான் சோலி. இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. கட்டிக் குடுத்த புள்ளை கோவிச்சுக்கிட்டு வந்துச்சு, அப்பன் கொண்டு போயி உட்டுட்டு வர்றான், நாட்டுல நடக்காததா? கை மறந்து போயிரும், நீயே ஓட்டு கண்ணுன்னு சாவியை நீட்டுனேன். வேண்டாங்ப்பான்னா. அட ஓட்டு சாமின்னேன். வண்டின்னா உசுரு அவளுக்கு. சாவியைக் கண்டா ஓடி வர்ற புள்ளை வேண்டாங்குது. கோவம்தான், என்ற மேல. இருக்கட்டும், நாலு நாள்ல சரியாப் போகும்.

கேபிள் நீண்டு போச்சா? போன மாசம்தான் மாத்துனேன். பிளேட் தேய்ஞ்சிருந்தா ஏத்தத்துல தெரியும், இழுக்காது, இது இழுக்குது. அப்ப வண்டியில கோளாறில்ல. செருப்புப் புதுசோ? எட்டிப் பாத்தேன், பழைய செருப்புத்தான், இங்கிருந்து போறப்பப் போட்டுக்கிட்டுப் போனது. கல்யாணத்துக்கப்புறம் வண்டியே தொட்டிருக்க மாட்டா, அதான். ஆனா ஓட்டுன காலு மறக்குமா? நீச்சல் மறக்குமா? இவ ஓட்டுனாப் பின்னால உக்காந்திருக்கறவன் தூங்கிருவான், அப்படி ஒரு காலு. கிளட்ச்சை உட்டதும் தெரியாது, வண்டி நகுந்ததும் தெரியாது. என்கிட்டப் படிச்ச அத்தனை பேர்லயும் இவதான் ஒசத்தின்னு நானே டீக்கடையில சொல்லியிருக்கேன். இத்தனைக்கும் இவளை ஒரு அடி அடிச்சதில்ல. பொம்பளப் புள்ளையை அடிக்கறதாவது. அதட்டுனது கூட இல்ல. அதெப்படி, அடிக்காமலே இவ்வளவு நல்லாக் கத்துக்கிட்டா? இது ஒரு பக்கம் கெடக்கட்டும். நான் என்ன நெனச்சேன், ஆங், கிளட்ச்சு. என்ற பக்கத்துக் கிளட்ச்சை நான் மிதிக்கறதேயில்ல. பிரேக் மிதிப்பேன், உசுரு விசயம் அது. கிளட்ச்சு அவனவன் மிதிக்கோணும். நான் மிதிச்சுக் குடுத்தா அவன் எந்தக் காலத்துல கத்துக்கறது? வேற மாஸ்டருங்க சுகமா மிதிச்சுக் குடுத்துருவாங்க, காசு வந்தாப் போதும் அவனுங்களுக்கு. என்ற பெடல்ல ரப்பர் இன்னும் புதுசாட்டம் இருக்குது பாரு. மறுபடியும் கரகரங்குது. அடச்சே. பல்லைக் கடிச்சாப்பல இருக்குது எனக்கு. அந்தச் சத்தம் கேட்டாலே என்ற இடது தொடை தானா இறுகிக்கும், இந்த வயசுலயும்.

எங்கப்பன் வெச்ச பழக்கம். காளியண்ணன்னா அன்னைக்கு சங்ககிரி லாரி ஸ்டாண்டுல தெரியாதவன் கெடையாது, நாக்பூர் வரைக்கும் ஒத்தை ஆளா ஓட்டுன மனுசன். எனக்கு மீசை அரும்பறதுக்குள்ள ஸ்டியரிங்ல உக்கார வெச்சாரு. அந்தக் காலத்து லாரியில டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவுல என்ஜின் பெட்டி இருக்கும், அடுப்பாட்டம் கொதிக்கும், அது மேல சாக்கைப் போட்டுச் சம்மணம் போட்டு உக்காந்துக்குவாரு. கியர் கத்துச்சுன்னா என்ற இடது தொடையில ஒண்ணு. அறையில்ல, குத்தில்ல. கையை மடக்கி நடுவிரல் முட்டியை மட்டும் முன்னால துருத்திக்கிட்டு, தொடையோட வெளிப்பக்கச் சதையில, எலும்புக்கும் நரம்புக்கும் நடுவுல இறக்குவாரு. கிளட்ச் அடின்னு பேரு வெச்சிருந்தாரு அதுக்கு. காலு அப்படியே செத்துப் போகும். செத்த காலை வெச்சுக்கிட்டுத்தான் அடுத்த கிளட்ச்சை மிதிக்கோணும், மிதிபடாது, கியர் கத்தும், மறுபடியும் ஒண்ணு. வெளியில ஒரு தடம் தெரியாது. எங்கம்மா வேட்டியை விலக்கிப் பாத்துட்டு ஒண்ணுங் காணமேம்பா. ராத்திரிக்கு மேல உள்ளுக்குள்ள கன்னிப் போயி மூணாம் நாளு மஞ்சளா வரும், அதுக்குள்ள வண்டி நாக்பூர்ல இருக்கும். அழுதாப் போச்சு. அர்த்தநாரின்னு சாமி பேரு வெச்சாங்க, பாதி பொம்பளை பாதி ஆம்பளை, திருச்செங்கோட்டு மலை மேல நிக்கற சாமி. அந்தப் பாதியை நான் அடிச்சே எடுத்துப்புடறேன் பாருன்னு ஸ்டாண்டுல நாலு பேரு மத்தியில சொல்லிச் சிரிச்சாரு ஒருக்கா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேறென்ன பண்றது? ஆனா எங்கப்பனைக் கேட்டா அவரு ரொம்பத் தங்கமான மனுசன், அவருக்கு அவரே சொல்லிக்குவாரு. எங்கப்பன், அதான் உன்ற தாத்தன், மாட்டு வண்டிக்காரன், தார்க்குச்சியில ஆணி வெச்சிருப்பான், மாட்டைக் குத்தற ஆணியிலயே என்னையும் குத்துவான், நான் உன்னையக் கையிலதானடா அடிக்கறேன், அதுவே கம்மிம்பாரு. முதுகுல சட்டையைத் தூக்கிக் காட்டுவாரு. சின்னச் சின்னதாப் புள்ளி, அம்மைத் தழும்பாட்டம். கம்மிதான். ஆணிக்கு முட்டி கம்மிதான், யாரு இல்லைன்னா?

நானும் கம்மி பண்ணித்தான் இருக்கேன். எங்கப்பன் எதுக்கெடுத்தாலும் அடிப்பாரு, எங்கம்மாளையும் அடிப்பாரு. நான் வண்டிக்குள்ள மட்டுந்தான், கத்துக்க வந்த பசங்களை மட்டுந்தான், அதுவும் கியர் கத்துனா மட்டுந்தான். கட்டுன பொண்டாட்டி சரசு மேல ஒரு நாளும் கை வெச்சதில்ல, அவளையே கேட்டுப் பாருங்க. தாரணி மேல வெச்சதில்ல. என்னைய என்ன சொல்ல முடியும்? சொல்லட்டும் பாப்போம் எவனாவது. ஒரு பையன் ஆத்தாளோட வந்தான், காலைத் தூக்க முடியல, அடப்பாவீன்னு அந்தம்மா ரோட்டுல நின்னு மண்ணை வாரித் தூத்துனா. கத்துக் குடுக்க வேண்டியதாப் போச்சு, போம்மா, உம்பையனுக்கு டிரைவிங் வராதுன்னுட்டேன். வராதுதான், அழுமூஞ்சிக்கு ஸ்டியரிங் வருமா? மௌலி அப்படியில்ல. மௌலீஸ்வரன், இப்ப என்ற மாப்பிள்ளை, அன்னைக்கு ஹெவி லைசன்ஸுக்கு வந்தவன். மொத நாள் மொத அடி, முழு அடி, ஏன்னு தெரியல அன்னைக்கு எனக்கு என்னவோ கோவம். அவன் அசையல. கண்ணு கூடச் சிமிட்டல. செத்த காலோட கிளட்ச்சை மிதிச்சான், கியர் போட்டான், சரீங்க மாஸ்டர்னான். மறுநாள் எல்லாருக்கும் முந்தி வந்து வண்டியைத் துடைச்சுக்கிட்டு நின்னான். எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. அதுக்கப்புறம் நான் கொஞ்சம் விளையாடிப் பாத்தேன்னுதான் சொல்லோணும், எவ்வளவு தாங்கறான்னு பாக்கறதுக்கு. தாங்குனான். எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கிட்டான், ஒரு வார்த்தை வெளிய வரல. சரசு, இவன்தான்டி ஆம்பளைன்னு அன்னைக்கு ஊட்டுல வந்து சொன்னேன். எஞ்சினியருக்குப் படிச்ச ஜாதகம் ரெண்டு வந்துச்சு, அதையெல்லாம் தள்ளிப்புட்டு இவனுக்குக் குடுத்தேன். அப்பன் இல்லாத பையன், சொந்தமா டிப்பர் வாங்கிட்டான், பீடி சிகரெட் கெடையாது, இவ்வளவு அடியைத் தாங்கறவன் எந்தக் கஷ்டத்தையும் தாங்குவான், புள்ளையை வெச்சுக் காப்பாத்துவான். அதுதான என்ற கணக்கு? அந்த அடியெல்லாம் எங்க போயிருக்கும்னு நான் யோசிக்கல. வாங்குனது எங்கியோ போயிருக்கோணுமில்ல. தண்ணி ஊத்துனா மண்ணு குடிச்சுக்கும், மனுசன் என்ன மண்ணா? சும்மா இரு மனசே, எதையாவது ஒளறாத.

குமாரபாளையம் தாண்டிக் காவிரிப் பாலம். தண்ணி நெறையப் போகுது. சின்னதுல இந்தப் பாலம் வந்தா ஒரு ரூபா குடுங்கப்பான்னு வாங்கித் தண்ணியில வீசுவா, இப்ப அவ தண்ணிப் பக்கமே திரும்பல. டேங்கர் ஒண்ணு ஒரசறாப்பல முந்திக்கிட்டுப் போச்சு, ஸ்டியரிங்கைப் பிடிச்ச பிடி மாறல, கை நல்லாத்தான் இருக்குது, காலுதான். வந்தன்னைக்கு என்ன சொன்னா? சின்னப் பையோட பஸ்ஸுல வந்து எறங்குனா. அவரு கை நீட்டறாருங்ப்பான்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் மூஞ்சியைப் பாத்தேன், கழுத்தைப் பாத்தேன், கையைப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. அடிச்சிருந்தாத் தடம் இருக்கோணுமே கண்ணுன்னேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு நின்னா, அப்புறம் உள்ள போயிட்டா. இப்பத்தான் தோணுது, எதையோ சொல்ல வந்துட்டு நிறுத்துன மாதிரி இருந்துச்சு. சரசு வெந்நி வெச்சா, வெளக்கெண்ணெய் காச்சுனா, எதுக்குன்னு கேட்டேன், கால்வலியாம்னா, பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருப்பான்னு உட்டுட்டேன். அப்புறம் மௌலி போன் பண்ணுனான். மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை, இன்னும் மாமான்னு வாயில வரல அவனுக்கு, மாஸ்டர்தான். ஒண்ணுமில்லீங்க மாஸ்டர், கொஞ்சம் கத்துக் குடுக்க வேண்டியதாப் போச்சு, அனுப்பி வெய்ங்கன்னான். நான் சிரிச்சேன். அட ஆமா, சிரிச்சேன். கத்துக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அந்த வார்த்தை ஏன் முள்ளாட்டம் மாட்டிக்கிட்டு நிக்குது? அது என்ற வார்த்தை. அந்த மண்ணை வாரித் தூத்துனவகிட்ட நான் சொன்ன அதே வார்த்தை. கத்துக் குடுக்கறதுன்னா நாலு விதம் இருக்கும், எல்லாம் ஒண்ணா? சமையல் கத்துக் குடுத்திருப்பான். ச்சே, அவனுக்கென்ன சமையல் தெரியும். காலையில சரசு பாத்திரம் கழுவிக்கிட்டே இன்னொரு வாரம் இருக்கட்டுமேன்னா. இருந்து? வாழாவெட்டின்னு பேரு வாங்கவா, லாரி ஸ்டாண்டுல எவனாவது கேட்டா நான் என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றதுன்னு கத்துனேன். தாரணி பையை எடுத்துக்கிட்டுத் தானா வந்து வண்டிக்கிட்ட நின்னுட்டா. நொண்டுனாளா? நொண்டலைன்னுதான் நெனைக்கிறேன். படியெறங்கறப்பச் சுவத்தைப் பிடிச்சா. பிடிச்சாளா?

சித்தோட்டுக்கிட்ட ரோடு வேலை, லாரியெல்லாம் எறும்பாட்டம் ஊருது. நிறுத்தி நிறுத்தி எடுக்கோணும், ஒவ்வொரு தடவையும் கிளட்ச்சு. முன்னால ஒரு சிமெண்ட் லாரி பின்வாங்கறாப்பல இருந்துச்சு, அவ மிதிக்கப் பாத்தா, பாதிக்கு மேல போகல காலு, கியரைத் தள்ளுனா, அய்யோ அப்படி ஒரு சத்தம், பெட்டிக்குள்ள பல்லெல்லாம் ஒடைஞ்சு கொட்டறாப்பல. என்ற கை எந்திரிச்சுது. சத்தியமாச் சொல்றேன், நான் எழுப்பல. கியர் தண்டைப் பிடிக்கத்தான் போச்சு, வேற எதுக்கும் இல்ல, பொம்பளப் புள்ளையை நான் அடிப்பேனா? ஆனா பாதி வழியில பாத்தேன், கை மடங்கியிருந்துச்சு. நடுவிரல் முட்டி துருத்தியிருந்துச்சு. தாரணி அதைப் பாக்கக் கூட இல்ல, கை கிளம்புன காத்துக்கே தொடையை ஒடுக்கிக் கதவோட ஒட்டிக்கிட்டா, கண்ணை மூடிக்கிட்டா, ஓடற வண்டியில. நான் பிரேக்கை மிதிச்சேன். வண்டி குலுங்கி நின்னு ஆஃப் ஆச்சு. பின்னால எவனோ ஆரனை அமுத்திக்கிட்டே இருக்கறான். எனக்கு எதுவும் கேக்கல. அடி தெரியாதவன் கையைக் கண்டா மூஞ்சியைத்தான் மறைப்பான், எத்தனை பேரைப் பாத்திருக்கேன். மொத நாளு எல்லாரும் மூஞ்சியைத்தான் மறைப்பாங்க. தொடையை ஒடுக்கறவன் அந்த அடியை வாங்கினவன். ஒண்ணு ரெண்டு இல்ல, நெறைய வாங்கினவன். அந்த ஒடுக்கம் எனக்குத் தெரியும், லாரியில நான் ஒடுக்கியிருக்கேன். இந்த அடி எங்க ஊட்டுல பொறந்தது. எங்கப்பன் கையிலயிருந்து என்ற கைக்கு, என்ற கையிலயிருந்து அவன் கைக்கு. என்கிட்டப் படிச்சவனைத் தவிர வெளியில வேற எவனுக்கும் தெரியாது. என்ற புள்ளை மேல இருக்கறது என்ற அடி.

ஓரமா நிறுத்துன்னேன், மறுபடி ஸ்டார்ட் பண்ணித் தள்ளாடித் தள்ளாடி ஓரங்கட்டுனா. காலு என்ன ஆச்சு சாமின்னேன். ஒண்ணுமில்லீங்ப்பான்னா. தாரணீன்னேன். மரத்துப் போயிருக்குதுங்ப்பா, கிளட்ச்சு எறங்க மாட்டேங்குதுன்னா. எங்க அடிச்சான்னு கேட்டேன். கேட்டதும் எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அவ என்ற மூஞ்சியைப் பாக்கல, கையைப் பாத்தா. உங்களுக்குத் தெரியாதுங்ளான்னா. சத்தம் போட்டுக் கேட்டிருந்தாக் கூட நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மெதுவாக் கேட்டா. எந்நேரமும் எனக்கு இடது பக்கமா வந்துதான் உக்காருவாருங்ப்பா, மொதல்ல ஆசையில உக்காருறாருன்னு நெனச்சேன். கொழம்புல உப்பு பத்தலைன்னா ஒண்ணு. போனை எடுக்க நேரமானா ஒண்ணு. அழுதா இன்னொண்ணு. உங்கப்பன்கிட்ட நான் வாங்குனதுதான், நான் அழுதனா, நீ எதுக்கு அழுவறம்பாரு. உங்கப்பன்கிட்டப் போயிச் சொல்லு போ, அவருக்கு இதுல எந்தத் தப்பும் தெரியாதும்பாரு. அதான் நான் வந்தன்னைக்குச் சொல்லலீங்ப்பா. நீங்க அதை அடின்னே நெனைக்க மாட்டீங்கன்னு இருந்துச்சு.

ஓட்டு வண்டியைன்னேன். பெருந்துறைக்கு உடு, இன்னைக்கு அவனைக் கொன்னு போட்டுட்டுத்தான் மறுவேலை, எங்கிட்டக் கத்துக்கிட்டு என்ற புள்ளை மேலயேவா, ராஸ்கல், நாயி, ரெண்டு தொடையையும் செத்துப் போக வெக்கறேன், தவழ்ந்து போவட்டும்னேன். எச்சில் தெறிக்குது, காது ரெண்டும் சூடாகுது, நெஞ்சு அடிச்சுக்குது, அட அதுல ஒரு சொகம் கூட இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. இந்தக் கோவம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச எடம், சொந்த ஊட்டுக்குள்ள போற மாதிரி. தாரணி நான் கத்தி முடிக்கற வரைக்கும் இருந்தா. அப்புறம் சொன்னா, நீங்க அடிச்சா அவரு அசைய மாட்டாருங்ப்பா, உங்களுக்கே தெரியுமே. சரீங்க மாஸ்டர்னு நின்னு வாங்கிக்குவாரு. நீங்க வண்டியை எடுத்துக்கிட்டு வந்துருவீங்க. நான்தான அந்த ஊட்டுல இருக்கோணும். பாத்தா என்ற கை இன்னும் மடங்கித்தான் இருக்குது, மடியில, ஏதோ அடுத்தவனோட சாமானாட்டம். அப்பா, மொதல்ல அதை விரிங்கப்பா, எனக்குப் பயமா இருக்குதுன்னா. என்ற புள்ளை. காவிரியில காசு வீசுன புள்ளை, என்னையப் பாத்து. விரிச்சேன். விரல் ஒவ்வொண்ணும் வலிச்சுது.

எங்கப்பன் செத்தப்ப ரெண்டு கையையும் சேத்துக் கட்ட வந்த ஆளு வலது கை விரலை நிமித்திப் பாத்தான், நிமிரல. எண்ணெய் போட்டு உருவுனான், வெந்நியை ஊத்துனான், ம்ஹூம். அப்படியே மடங்குன மேனிக்குக் கட்டித்தான் கொண்டு போனோம். இரும்புக் கைய்யா உங்கப்பனுக்குன்னு ஸ்டாண்டுக்காரங்க பெருமையாச் சொன்னாங்க, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அந்தக் கை ஒரு நாளாவது என்ற தலையைத் தடவியிருக்குமா? ஞாபகம் இல்ல. தேடிப் பாக்கறேன், இல்லவே இல்ல. சரி, இப்ப என்ன பண்றது? பெருந்துறையில அவன் காத்துக்கிட்டிருப்பான், சட்டை மடிப்புக் கலையாம வாசல்ல நின்னு வாங்க மாஸ்டர்ம்பான், அவங்கம்மா எலை போட்டிருப்பா. திரும்பிப் போனா சங்ககிரி முழுக்க இன்னைக்குப் பொழுதோட தெரிஞ்சிரும். அர்த்தநாரி புள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துட்டானாம்பானுங்க. அடங்காத புள்ளையாட்டம் இருக்குதும்பானுங்க, அப்பன் செல்லம் குடுத்துட்டான், அடிக்காம வளத்துட்டான்பானுங்க. என்ன பதில் சொல்வேன்? பயமா இருக்குது, நாலு பேரு வாய்க்கு எனக்குப் பயமா இருக்குது, இந்த வயசுல, இந்த மீசையை வெச்சுக்கிட்டு. முன்னால ரோட்டுத் தடுப்புல ஒரு எடைவெளி தெரியுது, வண்டிங்க திரும்பறதுக்கு உட்டது. அதைத் தாண்டுனாப் பெருந்துறைதான். நானும் அதைப் பாக்கறேன், அவளும் அதைப் பாக்கறா. என்கிட்டக் கேக்கறதை அவ எப்பவோ நிறுத்திட்டா போல.

வண்டியைத் திருப்பு கண்ணுன்னேன். எங்கீங்ப்பான்னா. ஊட்டுக்குன்னேன். அவ என்னையப் பாத்தா, நெசந்தானான்னு பாக்கற பார்வை, இன்னும் நம்பல. காலு எறங்காதுங்ப்பா, நீங்க இந்தப் பக்கம் வந்து ஓட்டுங்கன்னா. வேண்டாம், ஸ்டியரிங் உன்கிட்டயே இருக்கட்டும், நீ திருப்பு, மிதிக்கறது நானுன்னேன். ரப்பர் தேயாத அந்தப் பெடல்ல இடது காலை வெச்சு மிதிச்சேன். அவ காலுக்கடியில இருந்த பெடல் தானா எறங்குச்சு, அவ குனிஞ்சு அதைப் பாத்தா. போடுன்னேன், மொதக் கியர் போட்டா. உடறேன், நீ கொஞ்சங் கொஞ்சமாக் குடுன்னேன். வண்டி தவளையாட்டம் ரெண்டு குதி குதிச்சுது, பழகாத காலு பாரு, இத்தனை வருசத்து மாஸ்டருக்கு மிதிக்கத் தெரியல. அவ சிரிக்கல, நான் சிரிக்கப் பாத்தேன், வரல. எதுத்தாப்பல ரெண்டு பஸ் போகட்டும்னு நின்னு, எடைவெளியில முழுசா ஒடிச்சுத் திருப்புனா. வெயில் இப்ப மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. என்ற பாக்கெட்டுல போன் அதிருது, அவன்தான், எங்க மாஸ்டர் வர்றீங்கன்னு கேப்பான். அதிரட்டும். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல, ஊருக்குள்ள போறதுக்குள்ள தெரியுமான்னும் தெரியல. ரெண்டாவதுன்னா அவ. மிதிச்சேன். போட்டா. மூணாவதுன்னா. மிதிச்சேன். சத்தமே இல்லாமப் போயி விழுந்துச்சு கியர். சபாஷ் கண்ணுன்னு தட்டிக் குடுக்கறதுக்கு என்ற கை எந்திரிச்சுது, விரிச்ச கைதான், வெறும் உள்ளங்கைதான். அவ தொடை ஒடுங்குச்சு. நான் கையை இழுத்து என்ற தொடைக்கடியில வெச்சு அது மேலயே உக்காந்துக்கிட்டேன். அடுத்ததுக்குச் சொல்லு சாமின்னேன்.